ஷிப்ட் முடிஞ்சு வர்றவனுக்கு எதுக்குங்க தண்டால்?

உடற்பயிற்சின்னு பேச்சை எடுத்தாலே திருவள்ளூரை ஒட்டின காக்களூர் பக்கம் ஒரு பதில் ரெடியா இருக்கும். “நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறோம், மூட்டை தூக்குறோம், இதுக்கு மேல என்னய்யா எக்சர்சைஸ்? அதெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்திருக்கவனுக்கு.” கேக்க நியாயமாத்தான் இருக்கு. சிட்கோ தொழிற்பேட்டையில நைட் ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர்ற முகங்களைப் பாத்து “போய் தண்டால் எடுங்க”ன்னு சொல்ல தனி தைரியம் வேணும். எனக்கு எரிச்சல் அவங்க மேல இல்லைங்க. இதைக் கேட்டதும் “ஆமாமா, உழைக்கிற உடம்புக்கு ஒரு நோயும் வராது”ன்னு தலையாட்டுது பாருங்க ஒரு படிச்ச கூட்டம், அவங்க மேலதான். பாராட்டு மாதிரி சொல்லிட்டு, விஷயத்தை அப்படியே கைகழுவுற வேலை அது. உழைக்கிற உடம்புக்கும் நோய் வருது. அதனால அந்த உடம்புக்குத்தான் பயிற்சி அதிகமா தேவைப்படுது. அதுலயும் காசு, கருவி, இடம் எதுவும் கேக்காத பயிற்சிதான் இந்த ஊருக்குச் சரிப்பட்டு வரும். நான் சொல்ல வர்றது இவ்ளோதான். மிச்சமெல்லாம் அதுக்கான வக்காலத்து.

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். டென்மார்க்ல கோபன்ஹேகன் பக்கத்து ஆளுங்க 1 லட்சத்து 4 ஆயிரம் பேருக்கு மேல, சராசரியா 10 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2021-ல வெளிவந்துச்சு. ஆந்த்ரியாஸ் ஹோல்டர்மன்ங்கிறவரும் அவரோட குழுவும் பண்ணது. ஓய்வு நேரத்துல நல்லா உடம்பை அசைக்கிறவங்க அந்தக் காலத்துல இறந்துபோற வாய்ப்பு, அசையாதவங்களை விட சுமார் 40 சதவீதம் கம்மியா இருந்துச்சு. இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. அடுத்ததுதான் இடிக்குது. வேலையிலயே உடம்பு ரொம்ப உழைக்கிறவங்களுக்கு அதே வாய்ப்பு 27 சதவீதம் கூடுதல். மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய சிக்கல் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல். குனியுறது, தூக்குறது, நடக்குறதுன்னு பாத்தா ரெண்டும் ஒரே அசைவுதான். ஆனா ஒண்ணு ஆயுசைக் கூட்டுது, இன்னொண்ணு குறைக்குது. இதுக்கு ஆராய்ச்சிக்காரங்க உடலுழைப்பு முரண்பாடுன்னு ஒரு பேரே வச்சிருக்காங்க.

“அட, அவங்க ஏழைங்க, பீடி சிகரெட் பிடிப்பாங்க, அதனால இருக்கும்”னு யாராவது சொல்லுவீங்க. சொல்லணும், சொல்லலைன்னாதான் தப்பு. படிப்பு, வாழ்க்கை வசதி, புகைப்பழக்கம் எல்லாத்தையும் கணக்குல கழிச்சுப் பாத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்னுச்சுன்னுதான் அவங்க சொல்றாங்க. இருந்தாலும் முழுசா கழிச்சிட முடியுமாங்கிறது நல்ல கேள்விதான். ஏன்னா அதே 2021-ல நார்வேயில 4 லட்சத்து 37 ஆயிரம் பேரை வச்சு வந்த இன்னொரு ஆய்வு, வேலையில உடம்பை அசைக்கிற ஆம்பளைங்க கொஞ்சம் கூடுதலாவே வாழ்றாங்கன்னு நேர் எதிரா சொல்லுச்சு. ஆக சண்டை இன்னும் முடியல. ஆனா நார்வே சொல்றதை அப்படியே ஏத்துக்கிட்டாலும், “கம்பெனி வேலை உடம்பைக் கெடுக்காது”ன்னுதான் ஆகுமே தவிர, “அதுக்கு மேல பயிற்சி வேஸ்ட்”னு ஆகாது. அதுவும் போக, நார்வே தொழிலாளியோட வேலை நேரமும் லீவும் நம்ம ஊர் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கிடைக்குதா? அவங்க ஊர் முடிவை இங்க கொண்டுவந்து ஒட்டுறதுக்கு முன்னாடி அதையும் பாக்கணும்ல.

நான் டென்மார்க் பக்கம் சாயுறதுக்குக் காரணம், அதுக்குச் சொல்ற விளக்கம் ஷாப் ஃப்ளோர்ல கண்ணுக்கு நேரா தெரியுது. பயிற்சின்னா என்ன? கொஞ்ச நேரம் மூச்சு வாங்குற அளவுக்கு முக்குறது, அப்புறம் விட்டுடறது. நாடித்துடிப்பு ஏறும், இறங்கும். தசை அதோட முழு நீளத்துக்கும் மடங்கி நீளும், அப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள் ஓய்வு, அந்த ஓய்வுலதான் உடம்பு தேறும். வேலை இதுக்குத் தலைகீழ். 8 மணி நேரம், ஓ.டி. சேந்தா 12 மணி நேரம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நடுவுல எங்கேயோ ஏறி அப்படியே நிக்கும். இதயம் வலுவாகுற அளவுக்கு வேகமும் இல்ல, தேறுற அளவுக்கு ஓய்வும் இல்ல. கன்வேயர்ல பேக்கிங் பண்றவங்களுக்கு ஒரே தோள், ஒரே கோணம். மெஷின் முன்னாடி நிக்கிறவருக்கு இடுப்புக்குக் கீழ அசைவே கிடையாது, சாயங்காலம் கால் வீங்கும், வருஷம் போகப் போக நரம்பு சுருட்டிக்கும். லோடுமேனுக்கு முதுகு போகும். எல்லாத்துக்கும் மேல, வேகத்தை முடிவு பண்றது மெஷின். ‘முடியல, ஒரு நிமிஷம் நிறுத்துறேன்’னு சொல்ற உரிமை தண்டால் எடுக்குறவனுக்கு உண்டு, லைன்ல நிக்கிறவனுக்கு கிடையாது.

(இங்கேயே ஒரு விதிவிலக்கு சொல்லிடுறேன். நாள் பூரா மூட்டை தூக்குற லோடுமேனுக்கு முதல்ல வேண்டியது தூக்கமும் ஓய்வும்தான். வேலை முடிஞ்சு வந்த அன்னைக்கே அவரை உக்காந்து எழுந்திரிக்கச் சொல்றது பயிற்சி இல்ல, கொடுமை. லீவு நாள்ல உடம்பை நீட்டி மடக்கி, முதுகுக்கும் வயித்துக்கும் லேசா ஏதாவது பண்ணா அவருக்கு அதுவே போதும்.)

அடுத்த வாதம், “நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?” நம்ம ஊர்ல ரொம்ப ஆபத்தான நம்பிக்கை எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லுவேன். 2004-ல லான்செட் இதழ்ல ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு வந்துச்சு. ஒருத்தர் புனேக்காரர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் டாக்டர் ஜான் யட்கின். உயரத்துக்கேத்த எடைக் கணக்கு, அதான் பி.எம்.ஐ., ரெண்டு பேருக்கும் அச்சா 22.3. உடம்புல இருந்த கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. சட்டைக்குள்ள ஒல்லி, தோலுக்குள்ள கொழுப்பு. இந்த உடல்வாகுல குறையுறது தசை. சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையை அதிகமா உள்ள வாங்கிக்கிறதே தசைதான். அது கம்மியா இருந்தா சர்க்கரை எங்க போகும்? 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்புல இந்தியா முழுக்க 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய், தமிழ்நாட்டுல 14.4. இதை ஐ.டி. கம்பெனிக்காரங்க வியாதின்னு நினைச்சு தள்ளிவிட முடியாதுங்க. மூணு வேளையும் வெள்ளைச் சோறு, தோசை, பரோட்டா, நடுவுல நாலு சர்க்கரை டீன்னு ஓடுற எந்த உடம்புக்கும் இது பொதுச்சொத்து.

சரி, நடந்தா போதாதா? அரசாங்கமே 2023 நவம்பர்ல ‘நடப்போம் நலம் பெறுவோம்’னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை போட்டுச்சே? நல்ல திட்டம்தான், நடக்குறவங்க நடக்கட்டும். ஆனா உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவுல ரெண்டு பாதி இருக்கு. வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 நிமிஷம் வரைக்கும் வேகமா நடக்குறது மாதிரி ஏதாவது, அது ஒரு பாதி. வாரத்துல குறைஞ்சது ரெண்டு நாள் தசைக்கு வலு ஏத்துற பயிற்சி, அது மறு பாதி. நம்ம ஊர்ல முதல் பாதியைத்தான் எல்லாரும் பேசுறாங்க. ரெண்டாவது பாதின்னாலே பனியன் போட்ட பயில்வான் படம் மனசுல வந்துடுது, உடனே ‘நமக்கெதுக்கு’ன்னு ஒதுங்கிடுறோம். ஷிப்ட்ல நடந்துக்கிட்டே இருக்கிறவருக்கு இல்லாதது அந்த ரெண்டாவது பாதிதான். திருத்தணி வெயிலைக் கையில வச்சிருக்கிற மாவட்டத்துல, லாரி போற ரோட்டு ஓரமா நடைப்பயிற்சி போங்கன்னு சொல்றதும் எனக்கு அவ்ளோ சரியா படல. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கிறவங்களைக் கேட்டா, வெளிக்காத்து வாங்குறதைப் பத்தி வேற மாதிரி சொல்லுவாங்க.

இப்ப ஜிம் கதைக்கு வரலாம். ஜிம்மே வேணாம்னு நான் சொல்லல. ஆனா மாசக் கட்டணம், போய்வர நேரம், ஷிப்ட் மாறும்போது தவறுற பழக்கம் எல்லாம் சேந்துதான் அதோட விலை. தண்டாலுக்கு அந்த விலை கிடையாது. அதுக்காக மட்டமான சரக்குன்னு நினைச்சுடாதீங்க. ஒழுங்கா எடுக்குற தண்டால்ல உங்க எடையில சுமார் 64 சதவீதம் கைமேல இறங்குது. 60 கிலோ ஆளுக்கு 38 கிலோ. முழங்கால் ஊனி எடுத்தா 49 சதவீதம், சுமார் 29 கிலோ. சுவத்துல கைவச்சு எடுத்தா இன்னும் கம்மி. அதாவது ஒரே அசைவுல, காலை எங்க வைக்கிறோம்ங்கிறதை மாத்தியே எடையைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். ஜப்பான்ல 2017-ல ஒரு சின்ன ஆய்வு (18 பேர், 8 வாரம், சின்னதுதான்), லேசான எடை வச்ச பெஞ்ச் ப்ரெஸ்ஸும் தண்டாலும் நெஞ்சுத் தசையையும் கைத்தசையையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளத்துச்சுன்னு காட்டுச்சு. காலுக்கு பஸ்கி, அதான் உக்காந்து எழுந்திரிக்கிறது, இருக்கு. பஸ்கின்னா பயப்படுறவங்களுக்கு தோப்புக்கரணம் இருக்கு. பிள்ளையார் முன்னாடி பக்தியாவும், பள்ளிக்கூடத்துல தண்டனையாவும் நாம தலைமுறை தலைமுறையா போட்டதை, 2005-ல பிலிப்பைன்ஸ்ல இருந்து ஒருத்தர் ‘சூப்பர் பிரெயின் யோகா’ன்னு புத்தகமே போட்டு உலகத்துக்கு வித்தாரு. நாம காதைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டோம். தண்டனைன்னதும் ஞாபகம் வருது, ட்ரெட்மில் பொறந்த இடமே ஜெயில்தான். 1818-ல வில்லியம் கியூபிட்ங்கிற இங்கிலாந்து இன்ஜினியர், கைதிங்க சும்மா இருக்கக் கூடாதுன்னு செஞ்சது. இப்ப அதுல ஏற நாம காசு கட்டுறோம்.

தண்டாலைப் பத்தி அடிக்கடி சுத்துற ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 1,104 தீயணைப்பு வீரர்களை 10 வருஷம் கவனிச்சதுல, 40-க்கு மேல தண்டால் எடுத்தவங்களுக்கு இதய நோய் வர்ற வாய்ப்பு, 10 கூட முடியாதவங்களை விட 96 சதவீதம் கம்மின்னு 2019-ல வந்துச்சு. இதை வாட்ஸ்அப்ல ‘தினம் 40 தண்டால், மாரடைப்புக்கு டாட்டா’ன்னு போடுறாங்க. அது ஓவர். 40 எடுக்க முடியுற ஆளு ஏற்கெனவே எல்லா விதத்துலயும் ஆரோக்கியமான ஆளா இருப்பாரு, அதனாலயே நோய் கம்மியா இருந்திருக்கலாம். தண்டால் மருந்துன்னு இது நிரூபிக்கல. ஆனா தண்டால் நல்ல மீட்டர்னு காட்டுது. உங்க உடம்போட நிலைமையை ஒரு பைசா செலவில்லாம, ஒரு நிமிஷத்துல சொல்ற மீட்டர். எனக்கு அதுவே பெரிய விஷயமா தெரியுது.

குறையையும் சொல்லணும்ல. வெறும் உடம்பை வச்சு செய்யுற பயிற்சியில தள்ளுறதுக்கு வழி நிறைய, இழுக்குறதுக்கு வழி கம்மி. முதுகுத் தசைக்கு எதையாவது பிடிச்சுத் தொங்கணும், இல்லன்னா இழுக்கணும். பள்ளிக்கூட மைதானத்துல பார் இருந்தா உண்டு, இல்லாட்டி கனமான மேசைக்கு அடியில படுத்து விளிம்பைப் பிடிச்சு உடம்பைத் தூக்குறதுதான் வழி (மேசை ஆடாம இருக்கான்னு பாத்துட்டு!). கால் வலுவும் சீக்கிரம் ஏறி, பஸ்கி சுலபமாயிடும். அப்ப மெதுவா இறங்கணும், இல்ல ஒத்தைக் கால்ல பண்ணணும். சினிமா ஹீரோ மாதிரி பாடி வேணும்னா கடைசியில இரும்பைத்தான் தேடிப் போகணும், அதுல பொய் சொல்ல முடியாது. ஆனா 45 வயசுல தரையில சம்மணம் போட்டு உக்காந்து, கை ஊனாம எழுந்திருக்கணும், சர்க்கரை ஏறாம இருக்கணும்னா இதுவே தாராளம்.

சுற்றுச்சூழல்னு வந்தா, தண்டால் எடுத்து பூமியைக் காப்பாத்தப்போறோம்னு பீலா விடுறது என் நோக்கம் இல்ல. கணக்கு போட்டா வேற ஒண்ணு தெரியும். காக்களூர்ல இருந்து திருவள்ளூர் டவுனுக்குள்ள ஒரு ஜிம்முக்கு போக வர 10 கிலோமீட்டர் ஆகுதுன்னு வைங்க. லிட்டருக்கு 50 குடுக்குற வண்டியில 200 மில்லி பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்ப ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஜிம் உள்ள ஓடுற ஏசி பத்துப் பேருக்குப் பங்கு பிரிஞ்சுடும். அங்க போற வண்டியோட புகை முழுசா நம்ம கணக்குத்தான். ஆக, மிச்சம் பண்ணணும்னா போக்குவரத்துலதான் பண்ணணும். கம்பெனிக்கு சைக்கிள்ல போக முடிஞ்சவங்க போனா பயிற்சியோட முதல் பாதியும் முடிஞ்சுது, பெட்ரோலும் மிச்சம். இதை ‘பசுமை வாழ்க்கை’ன்னு பேர் வச்சு, மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, யோகா மேட்டுன்னு விக்கிறதுதான் எரிச்சல். டென்மார்க் சுற்றுச்சூழல் துறையே 2018-ல கணக்கு போட்டுச்சு: புதுசா வாங்குற பருத்திப் பை ஒண்ணு, பருவநிலைக் கணக்குல மட்டும் பாத்தாலே 52 தடவை பயன்பட்டாதான் பிளாஸ்டிக் கவரோட சமம் ஆகும். மத்த பாதிப்பையும் சேத்தா 7,100 தடவை. மஞ்சப்பை நல்லதுதான், ஆனா கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுசு வாங்கி அலமாரியில அடுக்குனா இல்ல. வீட்டுல இருக்குற பழைய பைதான் பசுமை, விரிப்புக்கு பழைய ஜமுக்காளம் போதும். புரோட்டீன் பவுடரும் இதே கேஸ்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில அதைத் தவிர்க்கச் சொல்லிடுச்சு. 100 கிராம் வேர்க்கடலையில 25 கிராம் புரதம் இருக்கு. டப்பாவும் மிச்சம்.

டீயையும் இந்த பிளாஸ்டிக் கணக்குல சேக்கணும். பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல இருந்தாதான் கேன்டீன் கட்டாயம், புதுச் சட்டத் தொகுப்பு அதை 100-னு குறைச்சிருக்கு. 30, 40 பேர் வேலை பாக்குற சின்ன யூனிட் ரெண்டு கணக்குலயும் வராது. அதனால டீ வெளிய இருந்துதான், பேப்பர் கப்லதான். அந்தக் கப்புக்குள்ள இருக்குற பிளாஸ்டிக் பூச்சுல சூடா எதையாவது ஊத்தி 15 நிமிஷம் வச்சா, 100 மில்லிக்கு சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் கலக்குதுன்னு கரக்பூர் ஐ.ஐ.டி. 2020-ல கண்டுபிடிச்சுது. நம்ம மாநிலத்துல 2019 ஜனவரி 1-ல இருந்து தடை பண்ண பட்டியல்லயே பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்பும் இருக்கு! (யாராவது டீக்கடைக்காரர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.) பைக்குள்ள ஒரு எவர்சில்வர் டம்ளர் வச்சுக்கிட்டா முடிஞ்சுது. அதுவும் வீட்டுல இருக்குறதுதான்.

கடைசியா, எனக்கே கனமா படுற எதிர்ப்பு. “கம்பெனி 12 மணி நேரம் பிழிஞ்செடுக்கும், தொழிலாளி வீட்டுக்கு வந்து தண்டால் எடுத்து உடம்பை சரி பண்ணிக்கணுமா? குத்தவாளியை விட்டுட்டு அடிபட்டவனுக்கு அட்வைஸா?” இந்தக் கேள்வி ரொம்பச் சரி. வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்குறவங்களுக்கு பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் (ஐ.எல்.ஓ.) சேந்து 2021-ல சொல்லியிருக்கு. அதைத் தண்டால் அழிக்காது. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற திருத்தத்தை தமிழ்நாடு சட்டமன்றத்துல நிறைவேத்தினாங்க, தொழிற்சங்கங்க எதிர்த்ததும் மே தினத்தன்னைக்கு வாபஸ்னு சொன்னாங்க. தொழிலாளி ஆரோக்கியத்துக்கு அந்த வாபஸ் செஞ்ச நல்லதை ஆயிரம் தண்டால் செஞ்சிருக்காது. ஆனா சங்கம் ஜெயிக்கிற வரைக்கும் தசை காத்திருக்காதே? வேலை நேரத்துக்குப் போராடுறதும் உடம்பைப் பாத்துக்கறதும் ஒண்ணை ஒண்ணு தடுக்கல. பொம்பளைங்க நிலைமை இன்னும் மோசம். 2024-ல வந்த லான்செட் கணக்குப்படி இந்தியாவுல போதுமான உடல் அசைவு இல்லாத பொம்பளைங்க 57 சதவீதம், ஆம்பளைங்க 42. பேக்கிங்ல நின்னுட்டு வந்து வீட்டுல சமையலுக்கு நிக்கிறவங்ககிட்ட ஜிம்முக்குப் போன்னு சொன்னா சிரிப்பாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, நைட்டியோடயே, சோறு வேகுற நேரத்துல சுவத்துல கைவச்சு 15 தள்ளு தள்ளுறது அவங்களுக்கும் முடியும். 10 நிமிஷம் தொடர்ந்து செஞ்சாதான் கணக்குங்கிற பழைய விதியையும் உலக சுகாதார நிறுவனம் 2020-ல எடுத்துடுச்சு, துண்டு துண்டா செய்யுறதும் சேரும்.

கம்பெனிக்கும் ஒரு பங்கு இருக்கு. ஜப்பான்ல 1928-ல ரேடியோவுல ஆரம்பிச்ச சில நிமிஷ உடற்பயிற்சி, இன்னைக்கும் அங்க பல வேலை இடங்கள்ல காலையில நடக்குது. இங்க? ஜூன் 21 அன்னைக்கு எம்.டி.யோட சேந்து ஒரு யோகா போட்டோ, அடுத்த யோகா அடுத்த ஜூன் 21. அதுக்குப் பதிலா ஷிப்ட் நேரத்துக்குள்ளயே, சம்பளத்தோட 10 நிமிஷம் ஒதுக்கணும்னு கேக்கலாம். இன்னொரு யோசனையும் இருக்கு. 2024-ல இருந்து தொழிலாளரைத் தேடி மருத்துவம்னு கம்பெனிக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பாக்குறாங்க. ஏறியிருந்தா மாத்திரை குடுக்குறாங்க. நல்லது. அந்த டேபிளுக்குப் பக்கத்துலயே தரையில ஒரு விரிப்பைப் போட்டு, பிரஷர் கட்டுக்குள்ள இருக்கிறவங்களை மட்டும், எத்தனை தண்டால் வருது, கை ஊனாம எழுந்திருக்க முடியுதான்னு பாத்து அதே சீட்டுல எழுதிக் குடுக்கலாம். அடுத்த தடவை வரும்போது போன தடவையை விட கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு அவரே பாத்துக்குவாரு. இதுக்கு டெண்டர் விட வேண்டியதில்ல.